போர்டிகோவில் தண்ணீர் தேங்குகிறது

ஏப்ரல் 6, திங்கள்

கீழ்க் குளியலறையில் மறுபடியும் தண்ணீர் போகவில்லை. குளித்து முடித்தால் கணுக்கால் வரை நிற்கிறது. ஓட்டை மேலிருக்கும் ஜாலியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கைப்பிடி முடி, சோப்புத் துண்டு, மகள் மிதுனாவின் பொம்மைச் செருப்பு. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு இரண்டு குடம் சுடுதண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் போயிற்று, ஆனால் மனசே இல்லாமல் போயிற்று. கக்கூஸிலும் இரண்டு தடவை ஊற்றினால்தான் இறங்குகிறது.

இன்னொன்று. தினமும் காலையில் போர்டிகோவைக் கழுவினால் தண்ணீர் நேராக கேட் பக்கம் ஓடி ரோட்டில் இறங்கிவிடும். இன்று நடுவில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு நின்றது. துடைத்துவிட்டுக் கோலம் போட்டேன். நடுப்புள்ளிகள் ஈரத்தில் ஊறிக் கரைந்துவிட்டன.

எனக்கு மாமியார் இல்லை. அந்த ஸ்தானத்தில் எங்கள் வீட்டில் போர்டிகோதான் இருக்கிறது. கீறக் கூடாது, கறை படக் கூடாது, அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசக் கூடாது. என் வீட்டுக்காரர் பல்லடம் ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். பெரிய ஆர்டர் கொடுக்க யோசிக்கிறவர்களைக் காரில் ஏற்றி நேராக இங்கே கூட்டி வந்து, "பாருங்க, ஒரு கோடு தெரியுதுங்களா?" என்பார். நான் காபி கொண்டு வர வேண்டும். கோடு தெரியாதுதான்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்றும் தேங்கியது. அதே இடம்.

ஏப்ரல் 13, திங்கள்

இன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நல்ல மனநிலையில் இருந்தார். சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, போர்டிகோல நடுவுல தண்ணி நிக்குதுங்க. முன்னெல்லாம் நின்னதே இல்லீங்க."

"தண்ணின்னா நிக்கத்தான் செய்யும். தொடைச்சு உடு."

"அடியில தொட்டி இருக்குதல்லங்க. ஒருக்கா தொறந்து பாத்தா..."

"எதைத் தொறக்கறது?"

திறப்பதற்கு மூடியே வெளியே தெரியாது. வீடு கட்டும்போது செப்டிக் டேங்கைப் போர்டிகோவுக்கு அடியில்தான் கட்டினார்கள். மனை சின்னது, வேறு இடம் இல்லை. மேல் ஸ்லாப்பில் இரண்டு மூடி விட்டிருந்தார்கள். தொட்டிக் காற்று வெளியே போக முன்சுவரை ஒட்டி கேஸ் பைப் ஒன்று மொட்டை மாடிக்கு மேலே போயிற்று. டைல்ஸ் ஒட்டுகிற வாரம் அவர் வந்து பார்த்து, இத்தனை அழகான தரையில் இரண்டு மூடி என்ன அசிங்கம் என்று இரண்டின் மேலும் டைல்ஸை ஒட்டச் சொல்லிவிட்டார். வீட்டை போட்டோ எடுத்தபோது கேஸ் பைப் நடுவில் விழுந்ததால் அதையும் அறுத்து சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று. மேஸ்திரி அன்றைக்கு ஏதோ சொல்ல வந்தார். நான் டீ கொண்டு போனபோது பேச்சு முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. குழம்புக் கிண்ணம் கை தவறிவிட்டது. மிதுனா எழுந்து வருவதற்குள் சுவரைக் கழுவித் துடைத்துவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைக் கனி. கோயிலுக்குப் போனோம். அவர் எனக்கு மல்லிகைப்பூ வாங்கித் தந்தார். மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார், அது ஒரு நல்ல குணம்.

அம்மா போன் செய்தாள். மிதுனாவுக்குக் காது குத்த மே 24, ஞாயிற்றுக்கிழமை நாள் பார்த்தாயிற்று. என் தம்பி கார்த்திகேயன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். மண்டபம் பார்க்கலாம் என்றாள் அம்மா. அவர் போனை வாங்கி, "எதுக்குங்கத்தே மண்டபம்? நம்மூட்டுப் போர்டிகோல பந்தல் போட்டா நூறு பேரு உக்காரலாம்" என்றார். கம்பெனி டீலர்கள் எல்லோரையும் கூப்பிடப் போகிறார். எனக்கு நூறு என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

ஏப்ரல் 20, திங்கள்

குளியலறை ஓட்டைக்குள் களக் களக் என்று சத்தம் வருகிறது. யாரும் தண்ணீர் ஊற்றாதபோதும் வருகிறது. கரப்பான்கள் கூட்டமாக ஏறுகின்றன. முட்டை அழுகின மாதிரி ஒரு வாடை. சாம்பிராணி போட்டேன். இப்போது சாம்பிராணியும் அந்த வாடையும் சேர்ந்து வருகிறது.

மத்தியானம் அம்மிக் குழவியை எடுத்து போர்டிகோவில் மெல்லத் தட்டிக்கொண்டே போனேன். சுவர் ஓரத்தில் கெட்டியான சத்தம். நடுவில் காலி டிரம்மைத் தட்டுகிற சத்தம். சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டேன். அடியில் தொட்டி இருந்தால் அப்படித்தானே கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எதிர்வீட்டு ருக்மணியக்கா கேட் வழியாகப் பார்த்துவிட்டார்.

"என்னம்மிணி, தரைக்கு வைத்தியம் பாக்கறயா?"

சொன்னேன். அக்கா முகம் மாறிவிட்டது. "அதும்மேல நிக்காத, மொதல்ல இந்தப்பக்கம் வா" என்றார். அப்புறம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த வெயில்ல எதுக்கு முழுக்கை ரவிக்கை?" என்று கேட்டார். இப்போது அதுதான் ஃபேஷன் என்றேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

விரிசல் விழுந்திருக்கிறது. நகத்தை வைத்தால் மாட்டுகிற அளவு. காரின் முன்சக்கரம் நிற்கிற இடத்திலிருந்து நடுப்பக்கம் வரை ஓடுகிறது. விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பார்த்தேன், இறங்குகிறது.

மிதுனாவுக்குப் பள்ளி லீவு விட்டாயிற்று. நாள் முழுக்க அங்கேதான் சைக்கிள் ஓட்டுவாள். நடுவில் முதலை இருக்கிறது, சுவர் ஓரமாகத்தான் போக வேண்டும் என்று ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு ஒரே குஷி. சாயங்காலம் அவர் வருகிற நேரம் பார்த்துத் தானே சைக்கிளை ஓரம் வைத்துவிட்டு டிவியையும் அணைத்துவிடுகிறாள். ஐந்து வயதுக்கு நல்ல சமத்து.

ஏப்ரல் 27, திங்கள்

வீடு கட்டிய நாச்சிமுத்து மேஸ்திரிக்கு ரகசியமாகப் போன் செய்தேன். விரிசல், சத்தம், வாடை எல்லாம் சொன்னேன்.

"அம்மிணி, டைல்ஸ் ஒட்டுன அன்னிக்கே பூபதித் தம்பிகிட்டச் சொன்னேன். கேஸு வெளிய போக வழி இல்லீன்னா உள்ளயே சுத்தீட்டு ஸ்லாப்போட அடியத் தின்னுபோடும். கம்பி துருப்புடிச்சு, காரை உதுந்து, மேல டைல்ஸு மட்டும் பளபளன்னு நிக்கும். ரெண்டர வருசமாச்சல்ல. வண்டிய அதுமேல உடாதீங்க. கொழந்தைய உடவே உடாதீங்க."

"யாராச்சும் உழுந்தா..."

"உழுந்தா மூச்சு உட முடியாது சாமி. காப்பாத்த எறங்கறவனும் போயிருவான். நானே தம்பிகிட்டப் பேசறேன்."

"வேண்டாங்கண்ணா. நான் பேசுனேன்னு தெரிய வேண்டாங்க."

"அட, நல்லதுக்குத்தானே சொல்றோம்."

"அண்ணா, உங்களக் கையெடுத்துக் கும்புடறேன், வேண்டாங்க" என்றேன். சரி என்றுதான் சொன்னார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மேஸ்திரி பேசிவிட்டார்.

மே 2, சனி

எழுத்து கோணலாக வருகிறது. இடது கையால் எழுதுகிறேன். குக்கர் மூடி வழுக்கிவிட்டது. மணிக்கட்டில் கட்டுப் போட்டு ஒரு வாரம் அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். எப்படி ஆயிற்று என்று என்னைத்தான் கேட்டார், என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

இந்த வாரம் கோலம் இல்லை. கழுவவும் இல்லை. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இருப்பது இன்னும் பயமாக இருக்கிறது.

மே 5, செவ்வாய்

அவர் இப்போது காரை ரோட்டில் வேப்ப மரத்தடியில் நிறுத்துகிறார். வெயிலில் வண்டி கொதிக்கிறதாம், நிழலில் இருக்கட்டுமாம். நல்லதுதான். போர்டிகோவுக்குப் பாரம் குறைந்தது. இடது கையால் தோசை திருப்பப் பழகிவிட்டேன், ஒன்றும் வட்டமாக வரவில்லை.

மே 6, புதன்

காலையில் கார் முழுக்க வேப்பம்பூவும் காக்கை எச்சமும். எச்சத்தைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பினார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மரம் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறது. போன வருஷ வெயில் இதைவிட அதிகம். அப்போதெல்லாம் கார் உள்ளேதான் நின்றது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. நான் நகரவில்லை.

மேஸ்திரி சொன்னதை அவர் நம்பிவிட்டார். அதனால்தான் காரை எடுத்துவிட்டார். காரை மட்டும் எடுத்துவிட்டார்.

மே 7, வியாழன்

கேட்டேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"காரை வெளிய நிறுத்தறீங்க. விசேசத்த மண்டபத்துல வெச்சுக்கலாமுங்க. இல்லீன்னா அதுக்குள்ள சரி பண்ணிரலாம்."

கோபப்படவில்லை. களைத்துப் போனவர் மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "வளரு, டீலருங்க அத்தனை பேரும் வர்றாங்க. போர்டிகோல குழியத் தோண்டி வெச்சுட்டு, வாங்க, இதான் நம்ம டைல்ஸுன்னு காட்டச் சொல்றயா? இன்விடேசன்ல வீட்டுப் போட்டோவே போட்டாச்சு. விசேசம் முடிஞ்ச மறுநாளே ஒடைச்சுப் பாத்தரலாம். ரெண்டர வருசம் தாங்குனது இன்னும் ஒரு நாள் தாங்காதா?"

நான் தலையாட்டினேன். அவருக்கும் பயம்தான். பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அந்த ஒரு நாள் மிதுனா பட்டுப் பாவாடையோடு நடுவில் என் தம்பி மடியில் உட்கார்ந்திருப்பாள். சுற்றி நூறு பேர் நிற்பார்கள். போட்டோக்காரன் எல்லோரையும் இன்னும் நெருக்கி நிற்கச் சொல்வான். கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

மே 9, சனி

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நீயா இப்புடிப் பேசற? மாப்பிள்ளை இத்தனை ஆசையாச் செய்யறாரு. விசேசம் முடியற வரைக்கும் அனுசரிச்சுப் போ" என்றாள். எதை அனுசரிப்பது, ஸ்லாப்பையா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

மே 13, புதன்

கோடை மழை. ஒரு மணி நேரம் கொட்டியது. குளியலறை ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் மேலே ஏறி வந்தது. கதவிடுக்கில் பழைய போர்வையைத் திணித்து, மக் மக்காக மோந்து வாளியில் ஊற்றினேன். அவரிடம் போனில் சொன்னேன், ஆசிட் ஊற்றச் சொன்னார். வெளியே போர்டிகோவில் மழைத்தண்ணீர் ஒரு பெரிய பாய் அளவுக்கு நிற்கிறது. தொட்டி நிறைந்துவிட்டது, மேல் ஸ்லாப் இறங்குகிறது. யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

மே 18, திங்கள்

பந்தல்காரர் வந்து அளந்தார். டைல்ஸில் துளை போடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால், மணல் நிரப்பிய டிரம்களில் கம்பம் நடப் போகிறார்கள். டிரம்கள் நடுவில் வரிசையாக வருமாம். வியாழக்கிழமை கொண்டு வந்து இறக்குவார்கள்.

அவர் புதன்கிழமை ஈரோட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறார். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார்.

மே 20, புதன்

இன்று நடந்ததை எல்லாம் எழுதிவிட வேண்டும்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் மிதுனாவை ருக்மணியக்கா வீட்டில் விட்டேன். கேஸ் சிலிண்டரை மூடினேன், சாமி விளக்கை அமர்த்தினேன். கழிவு எடுக்கிற லாரிக்குப் போன் செய்தேன். ஆள் உள்ளே இறங்குகிற வேலையே இருக்கக் கூடாது, வெறும் ஓஸ் குழாய்தான் என்று முதலிலேயே சொன்னேன். "எறங்கறதெல்லாம் இப்ப யாருங்கக்கா செய்யறா? மூடி எங்க இருக்குது, அதச் சொல்லுங்க" என்றார் டிரைவர். மூடி திறந்திருக்கும், வாருங்கள் என்றேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "தம்பி இல்லாத நேரத்துல நான் வந்து ஒடைச்சா நல்லாருக்காதம்மிணி. அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார். இதை எதிர்பார்த்ததுதான். மோட்டார் ரூமில் கட்டட வேலையின்போது விட்டுப் போன கடப்பாரை இருந்தது. அதை இழுத்து வந்தேன்.

தொட்டிச் சுவர் எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியும். ஸ்லாப் போட்ட நாட்களில் காலையும் மாலையும் தண்ணீர் விட்டு நனைத்தவள் நான்தான். வாசற்படிக்கு அடுத்த இரண்டடி கெட்டித் தரை. அங்கே நின்றுகொண்டு, மூடி இருந்த இடத்தைப் பார்த்து ஓங்கினேன். மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. டைல்ஸில் கீறல்கூட விழவில்லை. நல்ல டைல்ஸ்தான், பொய் சொல்லக் கூடாது. திரும்பத் திரும்பக் குத்தினேன். ஒரு மூலை பெயர்ந்தது. இன்னொரு குத்து குத்தியதும் கடப்பாரை என் கையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. கீழே தொப்பென்று சத்தம் கேட்டது.

நாற்றம் குப்பென்று மேலே வந்தது. கண் எரிந்தது, வாந்தி வந்தது. "அம்மிணி, உள்ள ஓடு!" என்று ருக்மணியக்கா ரோட்டிலிருந்து கத்தினார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓட்டையின் விளிம்பு தெரிந்தது. மேலே டைல்ஸ், அதற்குக் கீழே பிஸ்கட் மாதிரி உதிர்கிற காரை, துருவேறிய கம்பி இரண்டு. அவ்வளவுதான் இருந்தது. இதன் மேல்தான் என் பிள்ளை சைக்கிள் ஓட்டினாள்.

லாரி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வந்ததும் ரோட்டில் நின்றபடியே நீளமான ஓஸைக் கழியில் கட்டி ஓட்டைக்குள் விட்டார்கள். ஓஸ் இணைப்பில் ஒழுகி ரோடெல்லாம் நாசம். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியது. திட்டட்டும். பாதி உறிஞ்சியபோது டிரைவர் கையைக் காட்டி எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். யாரும் தொடவில்லை. நடு ஸ்லாப் தானாக மடிந்து உள்ளே விழுந்தது. வீடே அதிர்ந்தது. தூசி அடங்கிய பிறகு பார்த்தால் கேட்டுக்கும் என் வாசற்படிக்கும் நடுவில் தரையே இல்லை.

"இந்த எடத்துலயா அம்மிணி பந்தல்?" என்றார் ருக்மணியக்கா. நான் அழுதுவிட்டேன்.

மிதுனாவைச் சந்து வழியாகப் பின்கதவில் உள்ளே கூட்டி வந்தேன். மேல்தாழ், கீழ்தாழ் இரண்டையும் போட்டேன். தம்பிக்குப் போன் செய்து உடனே கிளம்பி வா என்றேன். என்னவென்று கேட்டான். வா, அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் கார் வந்து வேப்ப மரத்தடியில் நின்றது. குழியைப் பார்த்தபோது எனக்கு வராத பயம் அந்தக் கார்ச் சத்தத்துக்கு வந்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் இந்த டைரியில் தொட்டியைப் பற்றியே பயம் பயம் என்று எழுதியிருக்கிறேன்.

அவர் கேட்டைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார், பின்னால் எடுத்துக்கொண்டார். குழியைப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் நின்ற என்னைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு ஒடைச்ச?"

மெதுவாகத்தான் கேட்டார். மெதுவாகக் கேட்டால்தான் எனக்கு அதிகம் பயம்.

"யாரையும் கேக்கலீங்க."

"பொறகாலச் சந்து வழியா வர்றேன். கதவத் தொற."

"வேண்டாமுங்க" என்றேன். சத்தமே வரவில்லை. மறுபடியும் சொன்னேன். "நீங்க உள்ள வர வேண்டாமுங்க. நாந் தொறக்க மாட்டேன்."

இது தெருவுக்கே கேட்டது. அவர் திரும்பித் தெருவைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டை அப்படியே விட்டுவிட்டுச் சந்துப் பக்கம் வேகமாகப் போனார். பின்கதவில் இடி விழுந்த மாதிரி அடித்தார். நான் மிதுனாவை மடியில் இறுக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். தாழ் ஒவ்வொரு அடிக்கும் துள்ளியது. ருக்மணியக்காவும் அவர் வீட்டுக்காரரும் ரோட்டைக் கழுவிக்கொண்டிருந்த லாரி டிரைவரும் சந்துக்குள் வந்து பேசுகிற சத்தம் கேட்டது. "பூபதி, போதும். எங்களுக்கெல்லாந் தெரியும்" என்றார் அக்கா. அடிப்பது நின்றது.

இப்போது அவர் காரில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி காங்கேயம் தாண்டிவிட்டான். ருக்மணியக்கா எங்கள் பின்கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தமாகப் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். நான் படியில் உட்கார்ந்தே இதை எழுதுகிறேன். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

மிதுனா கேட்டாள், "அப்பா ஏம்மா உள்ள வரல?"

குழி இருக்கிறதல்லவா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்லவில்லை.

"அம்மாளுக்கு அப்பாவக் கண்டா பயம் சாமி. அதனால வர வேண்டாம்னு சொல்லீட்டேன்."

அவள் என் கட்டுப் போட்டிருந்த கையைத் தடவினாள்.

"எனக்குந்தாம்மா" என்றாள்.